மாதவிடாய்க்கு நிதிக் கச்சேரி வைக்கிறீர்களா? வசூல் முழுவதையும் நாப்கினில் போடாதீர்கள்

அடையாற்றில் ஒரே குடியிருப்பில் இருக்கும் ஒன்பது பெண்கள் சேர்ந்து கேட்டிருக்கும் கேள்வி இது: "மாதவிடாய் சமத்துவத்துக்காகச் சென்னையில் ஒரு கச்சேரி நடத்தி நிதி திரட்டலாம் என்று இருக்கிறோம். எந்த மாதம் வைக்கலாம், எந்த அரங்கம் பிடிக்கலாம், போஸ்டரில் விஷயத்தை வெளிப்படையாகப் போடலாமா, வசூலில் எத்தனை மாணவிகளுக்கு ஒரு வருஷத்துக்கு நாப்கின் வாங்கித் தரலாம்?"

முதலில் வாழ்த்து. அப்புறம், கேள்வியைக் கடைசியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் எனக்கு உங்களோடு சண்டை. பதினாறு வருஷமாக ஒரு சின்ன அறக்கட்டளையின் வரவு செலவைப் பார்க்கிறேன். இதே விஷயத்துக்காக நான்கு நிதிக் கச்சேரிகளில் டோக்கன் கிழிப்பதிலிருந்து கலைஞர்களுக்குக் கவர் கொடுப்பது வரை செய்திருக்கிறேன். முதல் இரண்டில் நீங்கள் நினைப்பதையேதான் நாங்களும் நினைத்தோம்.

நாப்கின் கணக்கு பார்ப்பதற்கு அழகாக இருக்கும். மாதம் 15 என்று வைத்தால் வருஷத்துக்கு 180. கடையில் ஒன்று 6 ரூபாய் என்றால் 1,080 ரூபாய். மக்கள் மருந்தகத்தில் 'சுவிதா' நாப்கின் ஒன்று 1 ரூபாய்தான். 2018இல் இரண்டரை ரூபாய்க்கு வந்தது, 2019 ஆகஸ்டில் ஒரு ரூபாய் ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்க்கு 555 மாணவிகள். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நாங்களும் வாங்கினோம்.

ஆனால் தமிழ்நாட்டில் அரசே 2012 முதல் 'புதுயுகம்' திட்டத்தில் இலவசமாகக் கொடுத்துவருகிறது. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு என்று ஆரம்பித்து, பிறகு நகர்ப்புறத்துக்கும் வந்தது. அரசு மருத்துவமனையில் குழந்தை பெற்றவர்களுக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும் அதில் இடம் உண்டு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறவர்கள் நாடு முழுக்க 78 சதவீதம் அளவில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 98 சதவீதம் அளவில். அந்த அளவு மிகக் குறைவாக இருந்த பீகாருக்கு எழுதிய நோட்டீஸை எடுத்துச் சென்னையில் ஒட்டினால் எப்படிப் பொருந்தும்?

அதற்காக இங்கே குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. புதுயுகத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மாதம் ஒன்பது வருகிறது. ஐந்து நாள் உதிரப்போக்கு இருக்கிற பிள்ளைக்கு ஒன்பது எப்படிப் போதும்? ஒன்றையே காலை எட்டு மணிக்கு வைத்துச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் மாற்றுவாள். போதாததற்கு, அந்தப் பாக்கெட்டுகள் பல பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருக்கும். அவசரத்துக்கு வேண்டுமென்றால் அந்த அறைக்குப் போய், எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்பார்கள்?

எங்கள் இரண்டாவது கச்சேரிப் பணத்தில் தென்சென்னையில் ஒரு பள்ளிக்கு (பெயர் வேண்டாம்) காசு போட்டால் நாப்கின் தருகிற இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, படம் எடுத்தோம். நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் இயந்திரத்தின் மேல் சாக்பீஸ் டப்பாவும் வருகைப் பதிவேடும் இருந்தன. ஐந்து ரூபாய்க் காசு மாட்டிக்கொண்டதாம். ரிப்பேர் பண்ண ஆள் வரவில்லையாம். திரும்பும்போது மாணவிகள் கழிப்பறைக்குப் போனேன். மூன்று கதவுகள். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை. உள்ளே ஒரு பெண் இருக்கிறாள், வெளியே அவள் தோழி ஒருத்தி கதவின் ஓட்டை வழியே துப்பட்டா நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "எப்பவும் இப்படித்தானா?" என்றேன். "ரெண்டு பேரா வருவோம் மிஸ்" என்றாள். குழாயில் தண்ணீர் இல்லை. வெளியே இருக்கும் தொட்டியிலிருந்து வாளியில் கொண்டுவர வேண்டும். குப்பைக் கூடை இல்லை. மாற்றியதை என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, ஜன்னல் மேல் விளிம்பைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு தாழ்ப்பாள் 80 ரூபாய். நாங்கள் வாங்கிய இயந்திரத்தின் விலையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். சென்னையில் நாப்கின் எப்படியாவது வந்துவிடுகிறது. அதை மாற்ற ஒரு கதவு, கழுவத் தண்ணீர், போட ஒரு கூடை, பத்து நிமிஷம் வேலையை விட்டுப் போக அனுமதி, இவைதான் வருவதில்லை. மாதவிடாய் சமத்துவம் என்ற சொல்லும் இதையெல்லாம் சேர்த்துத்தான். நாப்கினை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்ய ஸ்காட்லாந்து 2020இல் சட்டமே இயற்றி 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

பள்ளியைத் தாண்டியும் பாருங்கள். நன்கொடை தருகிறவர்களுக்குப் பள்ளி மாணவி என்றால் மனம் இளகும், முப்பத்தெட்டு வயது ஜவுளிக்கடை ஊழியர் என்றால் இளகாது. தி.நகர்க் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குடிசைகளிலிருந்து மாற்றிக் குடியமர்த்தியவர்களின் அடுக்குமாடிகள் இருக்கும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் போனால் விஷயம் தண்ணீர். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் எட்டாவது மாடிக்குக் குடம் தூக்குகிறவள் துணி அலச எத்தனை குடம் ஒதுக்குவாள்? பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் இருக்கும் பெண்களுக்கு எந்தப் பள்ளியும் இல்லை, பல சமயம் கேட்பதற்குப் பாஷையும் இல்லை. மலிவு விலை நாப்கின் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் என்றால் இவர்களைச் சொல்வேன். நாப்கினுக்கென்று ஒதுக்குகிற பணத்தை இங்கே ஒதுக்குங்கள், கூடவே ஒரு செட் உள்ளாடையும். உள்ளாடை இல்லாமல் நாப்கினை எதில் ஒட்டுவது? இதை யாரும் நன்கொடைப் பட்டியலில் எழுதுவதே இல்லை.

பயன்படுத்திய பிறகு அது எங்கே போகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போகிற வழியில் யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் கையால் அதைப் பிரிக்கிறார். தயாரிப்பாளரே சுற்றிப்போட உறை தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லின. நம் வீடுகளில் எத்தனை பேர் அப்படிச் சுற்றிப் போடுகிறோம்? புணேயில் காகிதத்தில் மடித்துச் சிவப்பு வட்டம் போடும் பழக்கத்தைக் குப்பை சேகரிக்கும் பெண்களே கொண்டுவந்தார்கள். பத்து பைசா செலவில்லை. கச்சேரி நோட்டீஸின் பின்பக்கம் இதை அச்சடியுங்கள். பள்ளிகளுக்கு நாப்கினை எரிக்கும் 'இன்சினரேட்டர்' வாங்கித் தரலாம் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி கட்டாயம் உங்களைத் தேடி வருவார். குறைந்த சூட்டில் பிளாஸ்டிக் எரிந்தால் வரும் புகையை வகுப்பறை ஜன்னல் பக்கம் விடுவதற்கு நன்கொடை கேட்காதீர்கள்.

கழுவித் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்க் கப், துணி நாப்கின் பற்றியும் கேட்பீர்கள். கேரளத்தில் ஆலப்புழையில் 2019இல் 'திங்கள்' திட்டத்தில் 5,000 கப் கொடுத்தார்கள். கும்பளங்கி என்ற ஊர் 2022இல் நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் ஈகோ ஃபெம் என்ற அமைப்பு 2010 முதல் துணி நாப்கின் தைக்கிறது. இரண்டும் நல்ல வழிகள்தான். ஆனால் கப்பைக் கொதிக்க வைக்க ஒரு தனிப் பாத்திரமும், துணியை வெயிலில் காயப்போட ஒரு கொடியும், அதைப் பார்த்து முகம் சுளிக்காத மாமியாரும் வேண்டும். கொடுத்துவிட்டு வந்தால் போதாது, மூன்று மாதம் ஒரு ஆள் போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தயாரென்றால் செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

சரி, இப்போது கச்சேரிக்கு வருவோம்.

உலக மாதவிடாய் சுகாதார நாள் மே 28. சுழற்சி சராசரியாக 28 நாள், போக்கு ஐந்து நாள், ஐந்தாவது மாதம் என்று கணக்கு வைத்து 2014இல் ஆரம்பித்த நாள். எல்லோரும் அன்றைக்குத்தான் வைக்க ஆசைப்படுவார்கள். சென்னையில் அது கத்திரி வெயிலின் வால். பள்ளி லீவு, பாதிக் குடும்பம் ஊரில். எங்கள் முதல் கச்சேரிக்கு மே 28இல் வந்தவர்களை விட மேடையில் இருந்தவர்கள் கொஞ்சம்தான் குறைவு. மார்கழியில் உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. என் ஓட்டு ஆடிக்கு. கல்யாண முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் சமையல்காரரும் கிடைப்பார்கள். மெல்லிசைக் குழுக்கள் மட்டும் அம்மன் கோயில் திருவிழாக்களில் மாட்டியிருப்பார்கள், அதனால் வெள்ளி, ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் வையுங்கள்.

அரங்கம் என்றால் கை தானாக மயிலாப்பூர், தி.நகர் பக்கம் போகும். நாரத கான சபாவும் வாணி மஹாலும் நல்ல இடங்கள்தான், ஒலி பற்றிக் கவலை இல்லை. ஆனால் பெரம்பூரிலோ அம்பத்தூரிலோ ஒரு மண்டபம் பிடித்து, கர்நாடகப் பாட்டு முக்கால் மணி, கானா முக்கால் மணி, பறை அரை மணி என்று வைத்தால் வருகிற கூட்டம் வேறு. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரையிலேயே மேடை போட்டுப் பல வகை இசையையும் ஒன்றாகக் கேட்க வைத்தது இந்த ஊரில்தானே. திறந்தவெளி என்றால் போலீஸ் அனுமதி முன்னாலேயே வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மைக் கூடாது.

போஸ்டரில் வெளிப்படையாகப் போடலாமா என்று கேட்டீர்கள். போடுங்கள், பெரிய எழுத்தில். எங்கள் முதல் கச்சேரிக்கு அரங்கம் கொடுத்தவர், "பெண்கள் நலம்னு போட்டுக்கலாமேம்மா, அதுவும் அதே அர்த்தம்தானே" என்றார். போட்டோம். தலைமை விருந்தினர் தாய்மையைப் பற்றி இருபது நிமிஷம் பேசிவிட்டுப் போனார். காலேஜ் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இது பிரெஸ்ட் கேன்சருக்கா?" என்று கேட்டான். நமக்கு ஒரு விநோதமான பழக்கம் உண்டு. பெண் வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, குழாய் ரேடியோ கட்டி, ஃப்ளெக்ஸ் பேனரில் அவள் படத்தோடு தெருவுக்கே சொல்லுவோம். அடுத்த மாதத்திலிருந்து அதே பெண் மருந்துக்கடையில் வாயைத் திறக்காமல் விரலால் காட்டுவாள், கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போடுவார். மஞ்சள் நீராட்டுக்கு மைக் செட் வைத்த ஊரில் மாதவிடாய் என்று போஸ்டர் ஒட்ட யாருக்குக் கூச்சம்?

நிதிக்காகப் பாடுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974இல் கிடைத்த மகசேசே விருது பொதுச் சேவைக்கானது. கச்சேரி செய்து நற்காரியங்களுக்குக் கொடுத்ததற்காக.

இனி பணம். டிக்கெட் விற்று லாபம் கண்ட நிதிக் கச்சேரியை நான் பார்த்ததில்லை. அரங்க வாடகை, சவுண்டு, விளக்கு, பக்கவாத்தியம், காபி, பூ எல்லாம் போக டிக்கெட் பணம் செலவுக்குச் சரியாக இருந்தால் பெரிய விஷயம். நிதி வருவது நிகழ்ச்சிக்கு அச்சடிக்கும் விழா மலரின் விளம்பரத்திலும், நன்கொடையிலும்தான். ஆகவே டிக்கெட்டை 500 ரூபாய்க்குள் வையுங்கள். அதுவரை ஜிஎஸ்டி இல்லை, தாண்டினால் 18 சதவீதக் கேள்வி எழும். மாநகராட்சிக் கேளிக்கை வரியையும் விசாரித்துவிடுங்கள். டிக்கெட் வாங்கியவருக்கு வருமான வரிச் சலுகைக்கான ரசீது (80ஜி ரசீது என்று சொல்லிவந்தது) எழுதாதீர்கள், அவர் பாட்டுக் கேட்கக் கொடுத்த காசு அது. நன்கொடைக்குத்தான் ரசீது, அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிச் சலுகை கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் மகள், மருமகன் அனுப்புவார்கள் என்று நம்பியிருந்தால் ஒரு விஷயம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தருவது பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவில் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, அதற்கென்று உள்ள கணக்கில் மட்டுமே வாங்கலாம். வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் 2020 முதல் வழியில்லை. கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தைக் கச்சேரிக்குக் கேட்டு அலையாதீர்கள். ஒருநாள் நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் செய்வது அந்தக் கணக்கில் வராது என்று அரசே 2014இல் தெளிவுபடுத்திவிட்டது. கச்சேரிக்கு அவர்களுடைய விளம்பர பட்ஜெட்டைக் கேளுங்கள், கழிப்பறை சீரமைப்புக்கு சிஎஸ்ஆர் கேளுங்கள்.

சினிமாப் பாட்டு பாடினால், பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் எடுக்க வேண்டும். "தருமத்துக்குத்தானே பாடுறோம்" என்றால் சட்டம் கேட்காது. அதில் உள்ள விலக்கு, பணம் வாங்காத கூட்டத்துக்கு அமெச்சூர் குழு நடத்தும் நிகழ்ச்சிக்கும், மத நிறுவனத்துக்காக நடத்துவதற்கும்தான். தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆசிரியர் இறந்து 60 வருஷம் ஆனால் உரிமை முடிந்துவிடும்.

எங்கள் மூன்றாவது கச்சேரியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி ஆரம்பிக்கப் பதினைந்து நிமிஷம். கிரீன் ரூமிலிருந்து தம்புரா போடுகிற பெண் ஓடி வந்து என் காதில், "அக்கா, ஒரு பேட் இருக்கா?" என்றாள். வாசலில் 'மாதவிடாய்' என்று பத்தடி பேனர். மேடையில் நாங்கள் வாங்கிக் கொடுத்த நாப்கின் பாக்கெட்டுகளின் படம். கட்டடம் முழுக்கத் தேடியும் ஒரு நாப்கின் இல்லை. கடைசியில் வயலின் வாசிப்பவர் தன் பெட்டியில் ரோசின் டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் மாற்றப் போன கழிப்பறையில் கூடை இல்லை. அவள் அதைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் மேடையில் உட்கார்ந்திருந்தாள். அந்த அரங்கத்துக்கு முன்பணம் கொடுக்கப் போனபோது ஏசி, பார்க்கிங், ஜெனரேட்டர் எல்லாம் கேட்டவள் நான்தான். கழிப்பறைக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதனால் நீங்கள் அரங்கம் பார்க்கப் போகும்போது முதலில் பெண்கள் கழிப்பறைக்குப் போங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள கூடை, பை மாட்ட ஒரு கொக்கி. வேலைக்கு வரும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாததை அன்றைக்கு நீங்களே வையுங்கள், போகும்போது அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தயவுசெய்து மாணவிகளை மேடையில் வரிசையாக நிற்க வைத்துப் பாக்கெட் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்தப் படத்தை அவள் வகுப்புப் பையன்களும் பார்ப்பார்கள். அவர்களை அழைக்க வேண்டுமென்றால் முன் வரிசையில் உட்கார வைத்துப் பாட்டுக் கேட்க விடுங்கள், போண்டா கொடுங்கள், போதும்.

பங்கீட்டை என்னைக் கேட்டால், வசூலில் பாதிக்கு மேல் நான்கைந்து பள்ளிகளின் கழிப்பறைக்கு: கதவு, குழாய், கூடை, ஒரு வருஷத்துக்கு அதைக் காலி செய்கிறவருக்குக் கூலி. இந்தக் கூலியை மறந்தால் மற்றதெல்லாம் வீண். ஒவ்வொரு வகுப்பிலும் மேசை இழுப்பறையில் பூட்டாமல் பத்து நாப்கின். மீதி கட்டடத் தொழிலாளர் கொட்டகைகளுக்கு. வேலை முடிந்து மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் உங்களில் இரண்டு பேர் நேரில் போய்ப் பாருங்கள், தலைமை ஆசிரியர் அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல்.

தாழ்ப்பாள் வாங்கும்போது இரும்பு வாங்காதீர்கள், அடையாறு, திருவான்மியூர்க் கடல் காற்றுக்கு ஒரே வருஷத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஆறு அங்குலம் கேளுங்கள், திருகும் அதே ஸ்டீலில் இருக்க வேண்டும். நாங்கள் போட்ட முதல் தாழ்ப்பாள்கள் திருகு துருப்பிடித்துத்தான் கழன்று விழுந்தன.